மூலைக் கட்டத்துக் கைகள்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக் கேமரா எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் சட்டை மாற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவதும், 'கேமரா ரிப்பேர், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று நீங்கள் இரண்டு வரி தட்டி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுக்கிறவர் வீட்டிலேயே கேமரா படுத்துக்கிடக்கிறது. காது கேட்காதவனுக்கு மகளோடு பேச அந்த ஒரு வழிதான். அது அடைத்துக்கொண்டதால் இந்தக் கடிதம். செல்ஃபோனில் எழுதக்கூடாதா என்பீர்கள். அந்த எழுத்தெல்லாம் என் கண்ணுக்கு எறும்பு. அதோடு, அச்சகத்தில் காகிதம் வெட்டியே காலம் தள்ளியவன் நான். காகிதத்தில் எழுதினால்தான் எழுதின மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிஷ் ரிசீவர் மக்கர் பண்ணுகிறது. நேரடி ஒளிபரப்பு ஒழுங்காக வருகிறது. பதிவு செய்து வைத்ததைப் போட்டால்தான் நடுவில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. பாப்பா மதியச் செய்திக்குச் சைகை மொழிபெயர்க்கப் போன முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல் அந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன். டிவிக்காரர்களுக்கு அவள் திரை மூலையில் ஒரு சின்னக் கட்டம். எனக்கு அந்தக் கட்டம்தான் டிவி, மீதியெல்லாம் ஓரம்.

நேற்று அந்த மந்திரி பேட்டியைப் போட்டுப் பார்த்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மனிதர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்கிறார். பாப்பா இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவர் ஏதாவது சொன்னால்தானே இவள் சொல்லுவாள்! எங்கள் காதுகேளாதோர் சங்கத்தில் அன்றைக்கு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நேற்று சரியாக அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

ரிசீவர் கவலையோடு,
மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது கண்டிப்பாகப் போடுங்கள். நாங்கள் இருவரும் நலம். கேமராவைக் கழற்றிப் பார்த்தேன், உதிரிபாகம் வரவேண்டியிருக்கிறது. உங்கள் மகளுக்கு வேலை அதிகம், அதனால்தான் தனியாக எழுதவில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரிசீவருக்குள் இருக்கும் டிஸ்க் சாகப்போகிறது. அமைதியான நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் கேளுங்கள். டக் டக் என்று சத்தம் வருகிறதா? வந்தால் அதிக நாள் தாங்காது.

டிஸ்கைக் கழற்றிக் கணினியில் மாட்டலாமே என்று தோன்றும். முடியாது. இந்த ரகப் பெட்டிகள் பதிவைப் பூட்டிப் போட்டுத்தான் எழுதும். பென்டிரைவில் நகல் எடுத்தாலும் பூட்டோடேதான் வரும். நெட்வொர்க் வழியாக அனுப்பும்போது மட்டும் தானே பூட்டைத் திறந்துவிடும். ஆனால் அதன் நெட்வொர்க் துளை பழைய காலத்தது, படு மந்தம். டிஸ்க் சூடேறிப் படுத்துக்கொள்வதற்கு முன்னால் முடிந்த அளவு வெளியே எடுத்தாகவேண்டும். அதனால் வேகம்தான் இப்போது உயிர்.

அதற்காகத்தான் இந்த யுஎஸ்பி அடாப்டர். ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் நெட்வொர்க் கேபிள் போகும் துளை. ரிசீவருக்குப் பின்னால் உள்ளே நீலமாகத் தெரியும் யுஎஸ்பி துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளை வேண்டாம், அது மெதுவானது. மெனுவில் நெட்வொர்க் என்ற இடத்தில் அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, கூட இருக்கும் வெளி டிஸ்கில் நகல் எடுக்கவேண்டியதுதான்.

உங்கள் மகளுக்குத் தெரியாமல் ஒரு ஆல்பம் மாதிரி தொகுத்துக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. கடைசி ஒன்றரை வருஷத்துப் பதிவுகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறை பொருத்தமாக இருக்கிறது, முழங்கால் உங்களை வாழ்த்துகிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பாப்பா சாப்பிடுகிறாளா?

சத்தம் வருகிறதா என்று கவனித்துக் கேட்கச் சொன்னீர்கள். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் காது போனவனுக்கு இப்படி ஒரு வைத்தியம் எழுதினவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கடிதத்தைச் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன். உங்களை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

கேட்கத்தான் முடியவில்லை, தொட்டுப் பார்த்தேன். வெட்டும் மெஷின் கத்தி மழுங்குவது எனக்கு உள்ளங்கையில்தான் தெரியும். ரிசீவர் மேல் கை வைத்தேன். தடதடவென்று மூன்று தட்டு, அப்புறம் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. நீங்கள் சொன்ன டக் டக் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து அடாப்டர். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, குப்புறப் படுத்து, நீலத் துளையைக் கண்டுபிடித்துச் செருகினேன். மெனுவிலும் நீங்கள் சொன்னபடி மாற்றினேன். நகல் ஆரம்பிக்கவே இல்லை. மெனுவைப் பழையபடி மாற்றினால் ஓடுகிறது, ஆனால் அதே நொடிக்குப் பதினொன்று எம்பிதான். ஒரு செய்தி போய்ச் சேருவதற்குள் நான் கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம். இந்தச் சாமானுக்கு நீங்கள் கொடுத்த காசு தண்டம் என்று தோன்றுகிறது.

இரண்டு கேள்வி. ஆல்பம் என்றால் முதல் பக்கத்திலிருந்துதானே ஒட்டுவார்கள்? கடைசி ஒன்றரை வருஷத்தை ஏன் முதலில் கேட்கிறீர்கள்? இன்னொன்று, மூலைக் கட்டத்தில் ஒரு மாதத்துக்கு மேலாக வேறு ஒரு பெண் நிற்கிறாள். குறை சொல்லக்கூடாது, பாடுபடுகிறாள். ஆனால் அவள் சொல்வதைப் படிப்பது பல்லில்லாதவர் படித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. பாப்பா எங்கே?

மாமா


பிப்ரவரி 13

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

சத்தத்தைக் கேட்கச் சொன்னதை நினைத்து இரண்டு நாளாக நானே தலையில் அடித்துக்கொள்கிறேன். உங்கள் மகள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். அதற்காகவே இன்னும் இரண்டு முட்டாள்தனம் எழுதலாம் போலிருந்தது. நீங்கள் உள்ளங்கையால் கண்டுபிடித்ததை எங்கள் ஆபீசில் சொன்னேன். அத்தனை பேரும் அவரவர் மெஷின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அடாப்டர் பற்றி ஒரு சந்தேகம். கோபித்துக்கொள்ளக் கூடாது. அடாப்டரை நீலத் துளையில் செருகினீர்கள், சரி. நெட்வொர்க் கேபிளை ரிசீவரின் பழைய துளையிலிருந்து பிடுங்கி அடாப்டரில் மாட்டினீர்களா? கேபிள் பழைய இடத்திலேயே இருந்தால் அடாப்டர் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். 'கேபிளை மாற்றுங்கள்' என்று நான் எழுதவே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

டேபிள் ஃபேனை ரிசீவர் பக்கம் திருப்பிவையுங்கள். ஒரு மணி நேரம் நகல், பிறகு நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள்.

உங்கள் மகள் விடுமுறையில் இருக்கிறாள். ஒரு பயிற்சி விஷயம். மற்றபடி ஒன்றுமில்லை. ஆல்பத்தைப் பொறுத்தவரை, கடைசியில் உள்ளதுதான் டிஸ்கில் சீக்கிரம் கெடும் என்று ஒரு கணக்கு. அவ்வளவுதான்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சௌக்கியம், ரிசீவர் அதைவிட சௌக்கியம். நீங்கள் சொன்னபடியே இருந்தது. அடாப்டர் ஒரு பக்கம் சும்மா நிற்க, கேபிள் பழைய துளையிலேயே இருந்தது. வண்டியில் குதிரையைப் பூட்டாமல் சாட்டையை வீசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேபிளை மாற்றி மாட்டினேன். அடாப்டரில் பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது. பதினொன்றில் நொண்டிக்கொண்டிருந்தது ஒரே தாவலில் முப்பத்தைந்துக்குப் போனது. மாப்பிள்ளை, கட்டைவிரல் நீளம்கூட இல்லை இந்தச் சாமான்! அதை இத்தனை தொலைவிலிருந்து இன்னதுதான் கோளாறு என்று காகிதத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னீர்களே, உங்களைக் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு சபாஷ். தண்டம் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கீழ்க்கடைக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு அந்த முப்பத்தைந்தைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் நல்ல மனிதர், தலையாட்டிவிட்டுப் போனார்.

கடைசி ஒன்றரை வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்த கையோடு முதல் நாள் செய்தியை எடுக்கவேண்டும். அது ஒன்றுதான் உங்கள் அத்தையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. பாப்பா கட்டத்துக்குள் வந்ததும் உங்கள் அத்தை என் முழங்கையைக் கிள்ளினாள், இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த மாதம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒரு குறை. சில நாள் முப்பத்தைந்து, சில நாள் திடீரென்று எட்டு, பத்து என்று இறங்கிவிடுகிறது. ஏன்?

பாப்பாவின் பயிற்சி முடிந்ததா?

மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

வேகம் இறங்குகிற நேரத்தில், நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் டிவியில் பழைய பதிவைப் போட்டுப் பார்க்கிறீர்களா? அடாப்டரில் கோளாறு இருக்க வழியில்லை. டிஸ்கைப் படிக்கும் முள் ஒன்றுதான். அது நகலுக்கும் ஓடி, உங்களுக்குப் படம் காட்டவும் ஓடினால் இரண்டு பக்கமும் அலைந்தே செத்துப்போகும். சாகிற டிஸ்கை இப்படி ஓட்டக்கூடாது மாமா. ஆசையாகத்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் தயவுசெய்து பார்க்காதீர்கள். எடுத்தபிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பதிவுகூட விட்டுப்போகக்கூடாது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம் கேட்டுத்தான் கடிதம் ஆரம்பிக்கவேண்டும். இந்த முறை கேட்கப் பயமாக இருக்கிறது.

ஆமாம், பார்த்தேன். திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான். ஆனால் ஆசைக்காகப் பார்க்கவில்லை. தேடிக்கொண்டிருந்தேன்.

பாப்பாவின் வலது கைச் சுண்டுவிரல் சரியில்லை. பக்கத்து விரலும் அதோடு சேர்ந்து மடங்குகிறது. இது எனக்குப் போன வருஷமே தெரியும். முதலில் களைப்பு என்று நினைத்தேன். பிறகு கவனித்தால், சுண்டுவிரலை நீட்டவேண்டிய சொல் வரும்போதெல்லாம் அவள் சுற்றுவழியில் போகிறாள். ஒரு சொல்லுக்குப் பதில் மூன்று சொல்லில் சொல்கிறாள், அல்லது இடது கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அந்த வேகத்தில், செய்தி வாசிப்பவர் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கும்போது, கெட்டுப்போன ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு செய்தியைக்கூட அவள் விடவில்லை. சங்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊருக்கே கண்ணைக் கட்டியிருக்கிறாள் என் பெண். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான் ஏன் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். கேட்டால் அவள் பதிலையும் அந்தக் கையால்தானே சொல்லவேண்டும்? அவளே சொல்லட்டும் என்று ஞாயிறு ஞாயிறாகக் காத்திருந்தேன். கேமரா ரிப்பேரானது. பயிற்சி வந்தது. மாப்பிள்ளை, கேட்காத காதாக இருந்தாலும் பூ சுற்றினால் தெரியும்.

எங்கே ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதனால்தான் வேகம் இறங்கியது. இனி பார்க்கமாட்டேன். உண்மையை எழுதுங்கள்.

மாமா


மார்ச் 25

அன்புள்ள மாமா,

என்னை மன்னியுங்கள்.

முழங்கையில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது. சாவியைத் திருப்ப முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டிசம்பரில் செய்தியின் நடுவில் கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு நேரடி ஒளிபரப்பில் அவளை வெட்டிவிட்டார்கள், நீங்கள் விளம்பரம் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அப்பா என் குரலைக் கேட்டதே இல்லைங்க. அவருக்கு நான்னா இந்தக் கைதான். இது இப்படிக் கெடக்கறதை அவர் பாக்கவேணாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் அதன்மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரு வருஷத்துக்குள்ளன்னா கத்தி வெச்சா பிரயோஜனம் உண்டு. அதுக்கு மேல போயிருந்தா சும்மா கிழிச்சுத் தெச்சு அனுப்பற வேலை. அதை நான் பண்ணமாட்டேன்" என்கிறார். உங்கள் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தன்னை அறியாமலே சமாளித்துச் சமாளித்து, எப்போது சமாளிக்க ஆரம்பித்தோம் என்றே அவளுக்கு மறந்துவிட்டது. டிவி நிலையத்தில் கேட்டேன். மூலைக் கட்டத்தோடு எந்தப் பதிவையும் அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. இந்த உலகத்திலேயே அவள் கை நாள்தவறாமல் இருக்கும் ஒரே இடம் உங்கள் ரிசீவர்தான்.

அதனால்தான் கடைசி ஒன்றரை வருஷம். ஆல்பம் என்றது பொய். ஏப்ரல் நடுவில் டாக்டர் மறுபடி பார்க்கிறார். அதற்குள் வந்துசேர்ந்தால் போதும்.

நீங்கள் போன வருஷமே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது மாமா. எங்கோ உட்கார்ந்து, அஞ்சல்தலை அளவு கட்டத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நகல் எடுத்த வெளி டிஸ்கைப் பஞ்சு வைத்துச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கூரியர்க்காரரிடம் தட்டாமல் கொண்டுபோகும்படி எழுதிக் காட்டினேன், அவரும் கும்பிடு போட்டார்.

கடைசி ஒன்றரை வருஷமும் இருக்கிறது. நடுவில் மழைச் செய்தி வந்த ஒரு வாரம் மட்டும் விட்டுப்போயிருந்தது. ரிசீவர் டிஸ்க் சூடேறி நின்றபோது அதைத் தாண்டிப் போய்விட்டிருக்கிறது போல. கடைசியாக அதையும் எடுத்துவிட்டேன். அந்த வாரத்துக்கு முன்னால் அவள் விரலில் குறை எதுவும் என் கண்ணில் படவில்லை, பின்னால் படுகிறது. டாக்டர் அந்த வாரத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

அது முடிந்ததும் ரிசீவர் மேல் கை வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டும் இல்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன், கிளம்பவில்லை. போகட்டும்.

பாப்பாவிடம் எதுவும் சொல்லவேண்டாம். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், அப்பாவுக்குத் தெரியும், அப்பா நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று சொல்லுங்கள்.

மாமா


மே 5

அன்புள்ள மாமா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டு பிரித்தாகிவிட்டது. சுண்டுவிரல் கொஞ்சம் அசைகிறது. நேராக நிற்க மாதங்கள் ஆகும், ஆனால் வரும் என்கிறார் டாக்டர்.

அவர் அறையில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முதலில் அவர் சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அந்த மழை வாரத்தைப் போட்டேன். திங்கட்கிழமை சுண்டுவிரல் நேராக நிற்கிறது. புதன்கிழமை ஒரு தடவை தடுமாறுகிறது. வெள்ளிக்கிழமை 'அணை' என்று சொல்ல வந்தவள் கையை மாற்றிக்கொள்கிறாள். டாக்டர் நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி பார்த்தார். "இந்த வாரந்தான். வருஷம் ஆகலை. தேதி குறிச்சிரலாம்" என்றார். பிறகு, "இதை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "எங்க மாமா. மாமனார்" என்றேன். "டாக்டரா?" என்றார். "இல்லீங்க, அவளோட அப்பா" என்றேன். இந்த வரியைச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வத்தை எழுத முடியாது.

இன்னொன்றும் எழுதவேண்டும். பொய் சொன்ன ஆல்பத்தை உண்மையிலேயே செய்துவிடலாம் என்று நேற்று டிஸ்கைத் திறந்தேன். 'முதல் நாள்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே அரைகுறையாக நின்றுபோன ஒரு ஃபைல். அது நின்ற நேரத்தையும் மழை வாரம் ஆரம்பித்த நேரத்தையும் பார்த்தேன். ஒன்று நின்ற உடனே மற்றது ஆரம்பித்திருக்கிறது. டிஸ்க் நிறுத்தவில்லை மாமா. நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முதல் நாள் வந்திருக்கும், மழை வாரம் வந்திருக்காது. அத்தையோடு சேர்ந்து பார்த்ததை விட்டுவிட்டு, 'போகட்டும்' என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பாதி ஃபைலைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த எல்லா வேலையும் பார்த்துவிட்டேன். வரவில்லை. உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறியதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ரிசீவருக்குப் புது டிஸ்க் அனுப்புகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 14

அன்புள்ள அப்பா,

கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். வலது கையாலேயே எழுதவேண்டும் என்று பிடிவாதம். இந்த நாலு வரிக்குக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்று பயந்துதான் கேமராவை மூடினேன். நீங்கள் முன்பே பார்த்துவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தீர்கள் என்று அவர் சொன்னபோது வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. முதல் நாள் செய்தி போனதற்காக அழுதேன். அம்மா உங்களைக் கிள்ளியது எனக்கு இத்தனை நாள் தெரியாதே அப்பா.

டிவி நிலையத்தில் பேசிவிட்டேன். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை மறுபடி கட்டத்துக்குள் வருகிறேன். முதலில் வாரத்துக்கு ஒரு நாள்தான். பயமாக இருக்கிறது. விரல் இன்னும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்ததால்தான் ஒப்புக்கொண்டேன். புது டிஸ்க் போட்டாயிற்றா? இதுதான் இனிமேல் முதல் நாள், மறக்காமல் பதிவு செய்யுங்கள் என்று அவர் ஆயிரம் தடவை எழுதச் சொல்கிறார்.

உங்கள் பாப்பா


ஆகஸ்ட் 9

என் பாப்பாவுக்கு,

முழங்கால் இருக்கட்டும், அதை யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை சங்கத்து ஆட்கள் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் அலமாரியைத் தள்ளித் தரையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை அனுப்பிய புது டிஸ்க் முந்தின நாளே போட்டாகிவிட்டது. அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறது, கேபிளும் அதில்தான் இருக்கிறது, இரண்டு தடவை குனிந்து பார்த்தேன் என்று அவரிடம் சொல். ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்தாய். சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் மந்தம்தான், நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு இடத்தில்கூட நீ சுற்றுவழி போகவில்லை. நீட்டவேண்டிய இடத்தில் நீட்டினாய். நடுங்கியது, ஆனாலும் நீட்டினாய். ஆற்று மட்டம், பரீட்சை முடிவு, வெளிநாட்டுச் சண்டை எல்லாம் சொன்னாய், எனக்கு ஒரு செய்தியும் மனதில் நிற்கவில்லை. உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்து இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகாக நீ பேசி நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார். பதிவு ஆகவில்லை. ரிமோட் எப்போது கீழே விழுந்தது என்றே தெரியாது. சங்கமே எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் கைதட்டுவது அப்படித்தானே. நானும்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மேலே இருக்கும்போது பதிவுப் பொத்தானை எந்தக் கையால் அழுத்துவது, நீயே சொல்லு.

அப்பா